திரும்பிப் பார்க்காத வெள்ளை நாய்கள்

ஒரு காட்டில், மலை அடிவாரத்துச் சுனைக்கரையில், தும்பை தன் கணவன் முல்லையனைக் கடைசியாக உயிரோடு பார்த்தாள். இருவரும் வெள்ளை நாய்கள். விடிந்து, வெயில் பாறைமேல் ஏறிக்கொண்டிருந்த நேரம். முல்லையன் காவல் மேட்டில் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். அவன் பார்வை தண்ணீர் குடிக்கும் மான்கள்மேல் இருந்தது.

அவனுக்குப் பின்னால் கோரைப்புல் அசைந்தது.

தும்பை அதைப் பார்த்துவிட்டாள். "என்னங்க! பின்னாலே! பின்னாலே பாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

முல்லையன் திரும்பவில்லை.

மான்கள் சிதறி ஓடின. கொக்குகள் எழுந்து பறந்தன. மரத்திலிருந்த மந்திகள் கூச்சல் போட்டன. மான்கள் ஏன் ஓடுகின்றன என்று முல்லையன் தலையைச் சாய்த்துப் பார்த்தான். அவ்வளவுதான். சிறுத்தை அவனைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

அன்று மாலை வெள்ளை நாய்கள் எல்லாம் கூடின. தலைவன் வெண்சங்கன் பேசினான்.

"பார்த்தீர்களா நம் முல்லையனை? சிறுத்தை பின்னால் வந்ததாம். மனைவி கத்தினாளாம். காடே கத்தியதாம். அவன் திரும்பினானா? இல்லை! அதுதான் நம் ரத்தம்! அதுதான் நம் குலம்!"

"அதுதான் நம் குலம்!" என்று எல்லா நாய்களும் வாலைத் தூக்கின.

தும்பையின் வால் மட்டும் எழவில்லை. அவளுக்கு அந்தப் பெருமை விழுங்க முடியாத எலும்புபோலத் தொண்டையில் நின்றது.

அந்த வெள்ளை நாய்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், குழந்தைகளே. சுனைக்குக் காவல் அவர்கள்தான். ஒரு வெள்ளை நாய் பாய்ந்தால் சிறுத்தை யோசிக்கும். கூட்டமாகப் பாய்ந்தால் ஓடியே போய்விடும். அப்படிப்பட்ட பலம் அந்தக் காட்டில் வேறு யாருக்கும் கிடையாது. அதனால் எல்லா விலங்குகளும் அவர்களுக்கு மரியாதை கொடுத்தன.

சுனைக்கு மேலே, நகத்தால் கீறினாலே கோடு விழும் மாவுக்கல் பாறை ஒன்று இருந்தது. அதற்குக் குலப்பாறை என்று பெயர். அசல் குட்டி என்று முடிவானால் அதன் பெயருக்குப் பாறையில் ஒரு கோடு விழும். கோடு கீறுகிறவர் உடும்பார். பிடித்த பிடியை விடாதவர்.

"தாய்க்கும் தகப்பனுக்கும் பாறையில் கோடு இருக்க வேண்டும். குட்டி சோதனையில் தேற வேண்டும். இல்லாவிட்டால் என் நகம் கல்லைத் தொடாது" என்பார்.

சோதனை இதுதான். குட்டியைப் பாறை நடுவில் உட்கார வைப்பார்கள். பின்னாலிருக்கும் மரத்திலிருந்து மந்தி ஒரு விளாங்காயைப் போடும். காய் கல்லில் பட்டு 'டமார்' என்று உடையும். குட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தால் அசல். காதைத் தூக்கினாலோ திரும்பிப் பார்த்தாலோ கலப்பு. கலப்பு என்று முடிவான குட்டியை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அந்தப் பக்கம் செம்பட்டை, கறுப்பு, புள்ளி என்று எல்லா நிறத்திலும் நாய்கள் இருந்தன. பாறையில் கோடு இல்லாததால் அவர்களுக்குக் 'கோடிலிகள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு கோடிலி ஓடையைத் தாண்டிக் கால் வைத்தால் வெள்ளைக் கூட்டமே சேர்ந்து கடித்துத் துரத்தும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வெள்ளை நாய்களிடம் பேச வேண்டுமானால் நேர் எதிரில் வந்து நின்று, முகம் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து பேச வேண்டும். முதுகுக்குப் பின்னால் பேசுவது மரியாதைக் கேடு. "மரியாதை தெரியாதவனுக்கு நாங்கள் பதில் சொல்வதில்லை" என்பார்கள். உண்மையிலேயே ஒருவரும் சொன்னதில்லை.

தும்பைக்கு ஒரே குட்டி. பெயர் மொட்டு. முல்லையன் போன பிறகு அவளுக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

தும்பைக்கு ஒரு காது மட்டும் கேட்கும். அவளுடைய சோதனை நாளில் விளாங்காய் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆகா, என்ன நிதானம்!" என்று எல்லாரும் மெச்சிக் கோடு கீறிவிட்டார்கள்.

ஒருநாள் மொட்டு ஒரு பொன்வண்டோடு விளையாடிக்கொண்டிருந்தான். தும்பை அவனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"மொட்டு!"

அவன் திரும்பவில்லை.

"மொட்டுக்குட்டி, பால் வேண்டுமா?"

அவன் வண்டை மூக்கால் தள்ளினான். தும்பை ஒரு காய்ந்த சுள்ளியைக் கடித்து ஒடித்தாள். 'சடக்' என்ற சத்தம் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. மொட்டு திரும்பவில்லை. அவள் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். உடனே அவன் வால் ஆடியது. "அம்மா! எப்போது வந்தாய்?" என்றான்.

தும்பை அவன் காதை நக்கினாள். 'என் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. இவன் அப்பாவுக்கும் கேட்டிருக்காது. பெருமைக்காகவா திரும்பாமல் நின்றார்? நான் கூப்பிட்டதே அவருக்குத் தெரியாது!'

அடுத்த நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது. தகப்பன் நின்ற காவல் மேட்டில் மகன்தான் நிற்க வேண்டும். கோடு விழுந்த அன்றே ஏறி, ஒரு பொழுது தனியாக நின்றே ஆக வேண்டும். வருகிற பௌர்ணமியன்று மொட்டுக்குக் கோடு. அதே மேடு. பின்னால் அதே கோரைப்புல்.

தும்பை யாரிடமும் சொல்லாமல் ஓடைக்கரைக்கு ஓடினாள்.

அவள் கரையை அடைவதற்குள் எதிர்ப்பக்கத்தில் ஒரு செம்பட்டை நாய் துள்ளி எழுந்து நின்றது. அவன்தான் துள்ளன். இலை விழுந்தாலும் துள்ளுவான்.

"வாங்க அக்கா! புளியமரத்தைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறீர்களே, முள்ளா?"

"முள்தான். அது இருக்கட்டும். நீ ஏனடா எப்போதும் குதித்துக்கொண்டே இருக்கிறாய்?"

"என்ன செய்வது அக்கா? ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறதே! அதோ, அந்தப் புதரில் கீரி போகிறது. மேலே மந்தி தலையைச் சொறிகிறது."

"சொறிவதுகூடவா கேட்கும்?"

"அதற்குப் பேன் அதிகம். பலமாகச் சொறிகிறது."

"உன் வேலையைப் பாரடா, கோடிலிப் பயலே!" என்று மந்தி மேலிருந்து ஒரு கொட்டையை எறிந்தது. கொட்டை அதன் கையை விட்டுக் கிளம்பும் முன்பே துள்ளன் நகர்ந்து நின்றான்.

தும்பை குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, எங்கள் வீட்டுக்காரர் போன அன்று உனக்கு ஏதாவது கேட்டதா?"

துள்ளனின் காது மடிந்தது. "கேட்டது அக்கா. சிறுத்தை கோரைக்குள் நுழைந்ததிலிருந்தே கேட்டது. குரைத்தேன். எங்கள் கரை முழுவதும் குரைத்தது. உங்கள் ஆட்கள் ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. 'கோடிலி குரைத்தால் நாம் திரும்புவதா' என்று நினைத்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டோம்."

"நினைக்கவே இல்லையடா தம்பி. கேட்கவே இல்லை."

துள்ளன் துள்ளாமல் நின்றது அப்போதுதான். "யாருக்குமா?"

"யாருக்கும். எனக்குப் பாதி கேட்கும். கேட்கிற குட்டியை எல்லாம் உங்கள் பக்கம் கொண்டுவந்து விட்டோம். கேட்காததை எல்லாம் அசல் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்."

"என் அம்மா அப்படி வந்தவள்தான்" என்றான் துள்ளன். "உங்களைப்போல வெள்ளை. விளாங்காய் விழுந்ததும் திரும்பிப் பார்த்தாளாம்."

"என் பிள்ளை மேட்டில் நிற்கும்போது நீ பக்கத்தில் நிற்பாயா?"

"நிற்பேன். ஆனால் கால் வைத்தால் என் தோலை உரித்துவிடுவார்களே?"

"பாறையில் உன் பெயருக்கு ஒரு கோடு வாங்கித் தருகிறேன்."

துள்ளன் வாய்விட்டுச் சிரித்தான். "எனக்கா! அக்கா, அதைக் கேட்டால் உடும்பார் பாறையிலிருந்து உருண்டு விழுந்துவிடுவார்!"

"அவரா விழுவார்? பிடித்தால் விடமாட்டாரே!" என்று சொல்லிக்கொண்டே தும்பை திரும்பி ஓடினாள்.

வெண்சங்கன் குலப்பாறை அருகே படுத்திருந்தான். தும்பை நேர் எதிரில் போய் நின்று, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"தலைவரே, நமக்குக் காது கேட்கவில்லை."

"நீ பேசுவது எனக்குத் தெரிகிறதே!"

"என் வாயைப் பார்க்கிறீர்கள். அதனால் தெரிகிறது."

"துக்கத்தில் பேசுகிறாய், அம்மா. போய் ஏதாவது சாப்பிடு."

"சாப்பிடுகிறேன். ஓடைக்கு அந்தப் பக்கத்துத் துள்ளனை மொட்டுக்குப் பக்கத்தில் நிற்க விடுங்கள். அவன் பெயருக்கு ஒரு கோடு கொடுங்கள்."

வெண்சங்கனின் முதுகு மயிர் சிலிர்த்தது. "கோடிலிக்குக் கோடா? இன்று ஒருவன் வருவான். நாளைக்கு நம் தோலில் புள்ளி விழும். மறுநாள் நாம் யார்?"

"உயிரோடு இருப்போம், தலைவரே."

பாறைமேல் ஒட்டிக்கொண்டிருந்த உடும்பார் கழுத்தை நீட்டினார். "யார் அந்தத் துள்ளன்? தாய் யார்?"

"இங்கே பிறந்தவள். சோதனையில் திரும்பிப் பார்த்தாள்."

"நினைவிருக்கிறது. நகத்தைத் தூக்கினேன். இறக்கவில்லை. தகப்பன்?"

"செம்பட்டை."

"முடிந்தது, போ. இந்த வழக்கத்தை நானா வைத்தேன்? என் அப்பா உடும்பு வைத்தார். அவருக்கு அவர் அப்பா உடும்பு சொன்னார்."

"எதற்காக வைத்தார்களாம்?"

உடும்பார் கொஞ்ச நேரம் நாக்கை நீட்டி நீட்டி இழுத்தார். "அதை நான் கேட்கவில்லை. பிடித்துக்கொள் என்றார்கள். பிடித்துக்கொண்டேன்."

பௌர்ணமியும் வந்தது. காலையிலேயே காடு முழுவதும் சுனைக்கரையில் திரண்டுவிட்டது. மயில்கள் கிளைகளில் இடம் பிடித்தன. முயல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எட்டிப் பார்த்தன. காட்டுப்பன்றி தன் குடும்பத்தோடு வந்து முன்வரிசையை அடைத்துக்கொண்டது. "கொஞ்சம் தள்ளி உட்காரக் கூடாதா?" என்றது முள்ளம்பன்றி. "நீ தள்ளி உட்கார். உன் பக்கத்தில் யாரால் உட்கார முடியும்?" என்றது பன்றி. ஓடைக்கு அந்தப் பக்கம் கோடிலிகளும் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மொட்டைப் பாறை நடுவில் உட்கார வைத்தார்கள். மந்தி விளாங்காயைப் போட்டது.

டமார்!

முயல்கள் எல்லாம் உருண்டு விழுந்தன. மொட்டு அசையவில்லை.

"அசல்! அசல்!" என்று வெள்ளை நாய்கள் கொக்கரித்தன. உடும்பார் நகத்தை இறக்கி 'கர்ர்ர்' என்று ஒரு கோடு இழுத்தார். உடனே மொட்டைக் காவல் மேட்டில் ஏற்றிவிட்டார்கள். அவன் அப்பாவைப்போலவே நெஞ்சை நிமிர்த்தி நின்றான். சுனைப் பக்கம் முகம். கோரைப் பக்கம் முதுகு.

தும்பை வெண்சங்கனின் எதிரில் வந்து வணங்கினாள்.

"தலைவரே, ஒரு விண்ணப்பம். உங்கள் உறுதியை இந்தச் சின்னப் பிள்ளைகள் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு தடவை நீங்களும் பாறையில் நின்று காட்ட வேண்டும்."

பெருமைக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வெண்சங்கன் ஒரே தாவில் பாறைமேல் ஏறிக் கூட்டத்தைப் பார்த்து நின்றான். மந்தி இருப்பதிலேயே பெரிய காயாகப் பார்த்துப் போட்டது. டமார்! தலைவன் அசையவில்லை. கூட்டம் ஆரவாரம் செய்தது.

தும்பை மந்தியை அண்ணாந்து பார்த்தாள். "இப்போது வாயால் கூப்பிடு."

"என்ன சொல்லிக் கூப்பிடுவது?"

"உனக்கு என்ன தோன்றுகிறதோ, அது."

மந்திக்கு அப்படி ஓர் அனுமதி பிறந்ததிலிருந்து கிடைத்ததில்லை. அது கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தது.

"ஏ வெண்சங்கா!"

தலைவன் அசையவில்லை.

"ஏ எலும்புத் திருடா! பன்றியைப் பார்த்துப் பயந்து ஓடியது யாரடா? நீதானே?"

"ஆமாம், ஓடினார்! நான் பார்த்தேன்!" என்று பன்றி எழுந்து சொன்னது.

"உன் முதுகில் ஓணான் ஏறுகிறது! உன் வாலை நண்டு பிடித்திருக்கிறது! உன் மூஞ்சியும் நீயும்!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மயில்கள் கிளையிலிருந்து சரிந்தன. வெண்சங்கன் எதிரில் இத்தனை மலர்ந்த முகங்களைப் பார்த்தான். தன்னைத்தான் மெச்சுகிறார்கள் என்று எண்ணி, தலையை மெல்லக் குனிந்து ஏற்றுக்கொண்டான். சிரிப்பு இரண்டு மடங்கானது.

முதலில் சிரிப்பை நிறுத்தியது ஒரு தாய்மான்.

"கொஞ்சம் இருங்கள்" என்றது அது. "அவருக்குக் கேட்கவே இல்லை. அங்கே பாருங்கள், தலைவரைத் திட்டியும் ஒரு வெள்ளை நாய்கூட மரத்தைப் பார்க்கவில்லை; ஒன்றுக்கும் கேட்கவில்லை. அப்படியானால் இத்தனை நாளும் நம்மை யார் காவல் காத்தார்கள்?"

கூட்டம் சலசலத்தது.

அந்தச் சங்கதி காட்டில் இன்னொருவருக்கு வெகு நாளாகத் தெரியும். சிறுத்தைக்கு. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கும். தன் வாசனை நாய்களுக்குப் போகாத பக்கமாகச் சுற்றிவரும். பிறகு சருகு மிதிபட்டாலும் கவலையில்லாமல் நடந்து வரும். இன்றும் அப்படித்தான் வந்தது. பொறுமையாகக் கோரைப்புல்லுக்குள் வந்து படுத்தது. அதன் கண் மொட்டின் முதுகில் இருந்தது.

ஓடைக்கு அப்பால் துள்ளனின் காதுகள் குத்திட்டு நின்றன.

"அக்கா! கோரை! மேட்டுக்குப் பின்னால் கோரை!"

அந்தச் சலசலப்பில் தும்பைக்குக் குரல் மட்டும் கேட்டது, சொல் பிடிபடவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. அவள் நின்ற இடத்திலேயே சுழன்றாள். மரத்தைப் பார்த்தாள், பாறையைப் பார்த்தாள், சுனையைப் பார்த்தாள். மான்கள் தாவி ஓடின. முயல்கள் பறந்தன. வெள்ளை நாய்கள் "ஏன் ஓடுகிறார்கள்? விழா முடிந்துவிட்டதா?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

துள்ளன் யோசித்தான். கத்திப் பயனில்லை. ஒவ்வொருவர் எதிரிலும் போய் நின்று வாயைத் திறந்து சொல்ல நேரமில்லை. 'இவர்களுக்குக் காது இல்லை. கோபம் நிறைய இருக்கிறது.'

ஒரே பாய்ச்சல். ஓடை அவனுக்குப் பின்னால் போனது. கோடிலி ஒருவன் தங்கள் மண்ணில் ஓடி வருவதைக் கண்டு வெள்ளை நாய்கள் வாயைப் பிளந்தார்கள். அவன் எவரையும் பார்க்கவில்லை. நேரே குலப்பாறைமேல் ஏறினான். தலைவன் வெண்சங்கனின் வாலை வாய்நிறையப் பிடித்து, 'நறுக்'கென்று கடித்தான். கடித்துவிட்டுக் கீழே குதித்துக் காவல் மேட்டை நோக்கி ஓடினான்.

"ஐயோ! என் வால்!"

"கோடிலி! கோடிலி தலைவர் வாலைக் கடித்துவிட்டான்!"

"பிடி! விடாதே! தோலை உரி!"

கூட்டம் மொத்தமும் கிளம்பியது. கிழ நாய்கள் ஓடின, நொண்டி நாய்கள் ஓடின. எல்லாருக்கும் முன்னால் வெண்சங்கன் ஓடினான். மலை உச்சியில் மழை பெய்து ஓடையில் நுரை பொங்கி வருவதுபோல அந்த வெள்ளைக் கூட்டம் துள்ளன் பின்னால் வந்தது. ஒரு நாய் எட்டி அவன் தோளைக் கடித்துப் பிய்த்தது. அவன் நிற்கவில்லை. மேட்டில் ஏறி, மொட்டின் தலைக்கு மேலே தாவி, நேராகக் கோரைப்புல்லுக்குள் விழுந்தான்.

சிறுத்தை அப்போதுதான் பாய்வதற்காகக் காலைச் சேர்த்துப் பதுங்கியிருந்தது. அது என்ன கண்டது? தலைக்கு மேலே ஒரு செம்பட்டை நாய் பறக்கிறது. அதற்குப் பின்னால் வெள்ளைக் குலம் முழுவதும் பல்லைக் காட்டிக்கொண்டு, கண் சிவந்து, தன்மேல் வந்து விழுகிறது. எல்லாரும் ஒரு வாலுக்காக வருகிறார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? பொறுமையெல்லாம் பறந்துவிட்டது. வாலைச் சுருட்டிக்கொண்டு மலையைப் பார்த்து ஓடியது.

வெள்ளை நாய்கள் இப்போதுதான் அதைப் பார்த்தார்கள். "சிறுத்தை!" அவ்வளவுதான், வால் மறந்துபோனது. கோபம் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. வெண்சங்கன் சிறுத்தையின் பின்தொடையில் ஒரு கவ்வு கவ்வினான். மற்றவர்கள் பாறைக்குப் பாறை துரத்தி, மலையின் அந்தப் பக்கம் இறக்கிவிட்டுத்தான் திரும்பினார்கள்.

வந்து பார்த்தால், துள்ளன் தோளில் ரத்தம் வழியக் கோரையிலேயே படுத்திருந்தான். மொட்டு அவன் அருகில் உட்கார்ந்திருந்தான். தும்பை மகனை ஒரு நக்கு, துள்ளனின் காயத்தை ஒரு நக்கு என்று மாறி மாறி நக்கிக்கொண்டிருந்தாள்.

வெண்சங்கன் துள்ளன் முகத்துக்கு எதிரில் வந்து நின்றான். "என் வாலை ஏன் கடித்தாய்?"

"கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவில்லை, பெரியவரே."

"எப்போது கூப்பிட்டாய்?"

"சிறுத்தை கோரையில் நுழைந்ததிலிருந்து."

வெண்சங்கன் தும்பையைப் பார்த்தான். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தான். எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

"தும்பை, என்னைக் கூப்பிடு. கூப்பிட்டு முடித்ததும் என்னைத் தொடு."

தும்பை கூப்பிட்டாள். மான்கள் கூப்பிட்டன. பன்றிக் குடும்பம் கூப்பிட்டது. ஓடைக்கு அப்பாலிருந்து கோடிலிகள் எல்லாரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். மந்தி இந்த முறை திட்டாமல், "தலைவரே! தலைவரே!" என்று மட்டும் கூப்பிட்டது. மலை அந்தச் சத்தத்தைத் திருப்பிச் சொன்னது. தலைவன் நின்றது நின்றபடியே இருந்தான்.

தும்பை மூக்கால் அவன் விலாவைத் தொட்டாள். அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"கூப்பிட்டாயா?"

"காடே கூப்பிட்டது, தலைவரே."

வெண்சங்கன் காவல் மேட்டைப் பார்த்தான். "அப்படியானால் முல்லையனும்..." என்றான்.

"ஆமாம். அவருக்கும் கேட்கவில்லை."

"நான் அதைப் பெருமை என்று சொன்னேன். உன் எதிரிலேயே சொன்னேன்." அவன் சட்டென்று தலையை நிமிர்த்தினான். "உடும்பாரே! பாறைக்கு வாருங்கள். இவன் பெயருக்கு ஒரு கோடு கீறுங்கள்."

"தலைவரே, வழக்கம்..."

"வழக்கம் என் வாலில் இருக்கிறது. பல் பதிந்திருக்கிறது, வந்து பாருங்கள்!"

உடும்பார் வந்து பார்த்தார். ஆழமாகத்தான் பதிந்திருந்தது. ஆனாலும் அவர் உடும்பு அல்லவா? "மகன் கோட்டைத் தகப்பன் கோட்டிலிருந்துதானே தொடங்க வேண்டும்? இவன் தகப்பனுக்குக் கோடே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?"

"இவனிடமிருந்து தொடங்குங்கள்" என்றான் வெண்சங்கன்.

உடும்பார் கண்ணை மூடினார். திறந்தார். "சரி. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை நான் பிடித்துக்கொண்டால், பிறகு யார் வந்து இழுத்தாலும் விடமாட்டேன்."

"அதற்குத்தானே உங்களை வைத்திருக்கிறோம்!" என்றாள் தும்பை.

உடும்பார் நகத்தை இறக்கினார். கர்ர்ர்! காடு அதிர்ந்தது. பன்றி முன்வரிசையிலிருந்து எழுந்து குதித்ததில் முள்ளம்பன்றிமேல் விழுந்து, அதைவிடப் பெரிய சத்தமாக அலறியது. கிழ நாய்கள் சிலர் மட்டும், "நாளைக்குப் புள்ளி விழும், பார்த்துக்கொண்டே இருங்கள்" என்று முணுமுணுத்தார்கள். முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்ததால் வெண்சங்கனுக்குத் தெரியவில்லை.

அன்று முதல் புதிய வழக்கம் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து நாய் ஒரு மழைக்காலம் முழுவதும் வெள்ளை நாய்களோடு நின்று ஒழுங்காகக் காவல் காத்தால், அதன் பெயருக்குக் கோடு. அதன் குட்டிகளுக்கும் கோடு. விளாங்காய்க்குத் திரும்புகிற குட்டிக்கும் கோடு, திரும்பாத குட்டிக்கும் கோடு. மேட்டில் மட்டும் கேட்கிறவரும் கேட்காதவரும் சேர்ந்துதான் நிற்க வேண்டும். மொட்டும் துள்ளனும் சேர்ந்து நின்றார்கள். துள்ளனின் காது எந்தப் பக்கம் திரும்பியதோ, அந்தப் பக்கம் மொட்டு பாய்ந்தான்.

மொட்டு வளர்ந்து, ஓடைக்கு அந்தப் பக்கத்துப் புள்ளி நாய் ஒருத்தியை மணந்தான். அவர்களுடைய முதல் குட்டியைப் பாறையில் உட்கார வைத்தபோது தும்பைக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மந்தி காயைப் போட்டது. டமார்! குட்டி படாரென்று திரும்பி, மந்தியை அண்ணாந்து பார்த்துக் குரைத்தது.

"திரும்பிவிட்டாள்! என் பேத்தி திரும்பிவிட்டாள்!" என்று தும்பை பாறையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். வெண்சங்கன் அவளைப் பார்த்துச் செய்தியைத் தெரிந்துகொண்டு, அவள் பின்னாலேயே ஓடினான்.

அடுத்த கோடையில் வெண்சங்கன் இறந்தான். சில மழைக்காலங்கள் கழித்துத் துள்ளன் இறந்தான், பிறகு தும்பை. பாறையில் அவர்களுடைய கோடுகள் இருக்கின்றன. மழை பெய்தால் அவற்றில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். குருவிகள் வந்து குடிக்கும்.

நீதி: வாசலை அடைத்துக்கொண்ட குலத்துக்குத் தன் குறையே பெருமையாகத் தெரியும்; வெளியே நிற்பவனை உள்ளே விட்டால்தான் அந்தக் குறை தீரும்.